ஏழு மாத ரிப்பேர்

எங்கள் அப்பா ஒரு காரை ஏழு மாதம் ரிப்பேர் செய்தார். ஏழு மாதமும் அது ஓடவில்லை. கடைசியில் அதை ஓட வைத்தவள் நான். அப்போது எனக்குப் பதினொரு வயது. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் கெட்டிக்காரப் பெண் என்று மெச்சுவார்கள். மெச்சட்டும். மீதிக் கதை அவர்களுக்குத் தெரியாது.

நந்திதுர்க்கில் எங்களுக்கு லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துக் குடும்பம். ஒரு வீட்டில் குழந்தை தும்மினால் நாலாவது வீட்டிலிருந்து 'நூறு' என்று குரல் வரும். அப்பா மைன்ஸில், அதாவது தங்கச் சுரங்கத்தில், பம்பு ஃபிட்டர். பூமிக்குள் ஊறுகிற தண்ணீரை மேலே தள்ளும் பம்புகளை நிற்காமல் ஓட வைப்பது அவர் வேலை. மைன்ஸை மூடினார்கள். கையில் கொடுத்த செட்டில்மென்ட் பணத்தில் கொஞ்சத்தைப் போட்டு, ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு அதிகாரியின் பழைய அம்பாசிடரை அப்பா வாங்கினார். ஓடாத கார் என்பதால்தான் அவருக்குக் கட்டுப்படியாயிற்று. நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்கள். அம்மா எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். அதைச் சரிசெய்து டாக்சியாக ஓட்டுவது என்று திட்டம்.

டாக்சி ஓடும்வரை சோறு வேண்டுமே. அம்மா பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் சேர்ந்தாள். விடியுமுன் ஊரிகம் ஸ்டேஷனில் ரயில். எங்கள் ஊரில் பாதிப் பேர் அந்த ரயிலில் உட்கார்ந்தபடி தூங்கப் பழகியவர்கள். அம்மா புதியவள், இடம் கிடைக்காது, நின்றபடி தூங்கப் பழகினாள். நான் கண் விழிக்கும்போது அவள் இருக்கமாட்டாள். அவள் திரும்பி வரும்போது நான் தூங்கி வழிந்துகொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் எனக்கு அம்மா. அன்றைக்கும் ஒரு வாரத்து அழுக்குத்துணி அவளைப் பிடித்துக்கொண்டுவிடும்.

நான் அழுதபோதெல்லாம் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"கார் ஓடட்டும் பாப்பா. அப்பால நான் ரயிலுக்குப் போவமாட்டேன்."

அதனால் அந்த காரை நான் பார்த்ததுபோல் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் போகும்போது தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவேன். வெள்ளிக்கிழமையானால் அதன் நெற்றியில் குங்குமம் வைப்பேன். கார் எப்போது ஓடும் என்று அப்பாவைக் கேட்டால், இந்த வாரக் கடைசிக்குள் ஓடிவிடும் என்பார். எல்லா வாரமும் அதையே சொன்னார். அப்பா பொய் சொல்லமாட்டார் என்று எனக்கு நிச்சயம். காரைத்தான் சந்தேகப்பட்டேன்.

காலை ஆறு மணிக்கு அப்பா ஷிப்டுக்குப் போவார். ஷிப்டு என்றால் வாசலில் நிற்கும் கார்தான். மைன்ஸுக்குப் போட்டுக்கொண்டு போன அதே காக்கிச் சட்டை, அதே கனத்த பூட்ஸ். வாசற்படியிலிருந்து காருக்குப் பத்தடி. அந்தப் பத்தடி நடக்க அவர் குனிந்து பூட்ஸ் கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டுவார். பக்கத்து வீட்டுப் பெரியப்பாவும் எதிர் லைன் சித்தப்பாவும் அதே நேரத்துக்கு வந்துவிடுவார்கள். சொந்தம் ஒன்றுமில்லை. அப்பாவைவிட மூத்தவர் பெரியப்பா, இளையவர் சித்தப்பா, அவ்வளவுதான். மூன்று பேரும் கீழே ஒரே பம்பு கேங்கில் இருந்தவர்கள். ஒன்பது மணிக்கு டீ குடிப்பார்கள். பன்னிரண்டு மணிக்குச் சோறு. இரண்டு மணியானால் ஸ்பானர்களைத் துடைத்துப் பெட்டியில் போட்டு மூடுவார்கள். அதற்குமேல் ஒரு திருகைக்கூடத் தொடமாட்டார்கள். மைன்ஸில் சங்கு ஊதுவது நின்று மாதங்கள் ஆகியும் இவர்கள் மூவருக்கும் அது கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த எட்டு மணி நேரமும் வேலை சுத்தமாக நடக்கும், அதில் குறை சொல்ல முடியாது. கார்புரேட்டரைக் கழற்றி இறக்கி, பழைய போர்வை ஒன்றை விரித்து, அதன்மேல் வரிசையாகப் பிரித்து வைப்பார்கள். பெட்ரோல் வருகிற ஊசித்துளை ஜெட்டுகளைப் பெரியப்பா வாயில் வைத்து ஊதி, வெளிச்சத்தில் கண்ணை இடுக்கிப் பார்ப்பார். மைன்ஸ் அரைத்துக் கொட்டிய மண்மேடுகளிலிருந்து பறந்து வருகிற தூசிதான் அடைக்கிறது என்று திட்டுவார். கேஸ்கட் கிழிந்துபோனால் சித்தப்பா காலண்டர் அட்டையில் அளவெடுத்து வெட்டுவார். போன வருடத்து முருகன் வேலும் மயிலுமாக அந்த என்ஜினுக்குள் போனது அப்படித்தான். பெட்ரோல் பம்பைப் பிரிப்பார்கள், பிளக்கைப் பிளேடால் சுரண்டுவார்கள், எல்லாவற்றையும் திரும்ப மாட்டுவார்கள்.

பிறகு டிரையல். அப்பா சீட்டில் உட்காருவார். சித்தப்பா ஒரு மூடி பெட்ரோலை கார்புரேட்டரின் வாயில் ஊற்றுவார். சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொள்ளும். லைன் முழுக்கப் புகை. லீவு நாளென்றால் நான் கைதட்டுவேன். ஒரு நிமிஷம் ஓடும். அப்புறம் விக்கும், இருமும், நின்றுபோகும். மூன்று பேரும் சாவு வீட்டில் நிற்பதுபோல் கொஞ்சநேரம் நிற்பார்கள். பெட்ரோல் வரவில்லை என்பார் பெரியப்பா. ஆமாம், வரவில்லை என்பார் அப்பா. நாளைக்கு மறுபடியும் கார்புரேட்டரை இறக்கிப் பார்க்கலாம் என்று முடிவாகும்.

இதில் ஒரு விஷயம் சொல்லவேண்டும். பூமிக்குள் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. கேங்கில் ஒருவன் ஒரு வால்வையோ பைப்பையோ தொட்டு, பார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டால் இன்னொருவன் அதைத் திரும்பப் பார்க்கக்கூடாது. பார்த்தால் அவன் முகத்தில் துப்பியதற்குச் சமம். கார் வந்த முதல் நாளே, பின்னால் இருக்கிற பெட்ரோல் டாங்கையும் அங்கிருந்து முன்னால் வருகிற பைப்பையும் தான் பார்த்துவிட்டதாக அப்பா சொல்லிவிட்டார். அதனால் ஏழு மாதமும் மற்ற இருவரும் பானெட்டுக்குப் பின்னால் போகவே இல்லை.

என் காரியங்களைப் பார்த்ததும் அப்பாதான். சோறு போடுவார், சீருடை தேய்த்துக் கொடுப்பார், டீ இடைவேளையில் சடை பின்னிவிட்டுப் பள்ளிக்கு அனுப்புவார். ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக இருக்கும் சடை. எவ்வளவு சோப்பு போட்டாலும் அவர் கையில் பெட்ரோல் நாற்றம் போகாது. வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். எனக்கு மானம் போகும். சாயங்காலம் தெருமுனையில் திரும்பினாலே வாசலில் அப்பா தெரிவார். அவரைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வரும். வீட்டில் இவர் உட்கார்ந்திருக்கிறார், அம்மா ரயிலில் தொங்குகிறாள் என்று பக்கத்து லைனில் பெண்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருந்தேன். அது சரிதானே என்று பட்டது.

ஆறாவது மாதம் கழிந்து எனக்குக் காய்ச்சல் வந்தது. இருட்டிலே அம்மா கிளம்பும்போது அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றேன். இரண்டு நாள் லீவு போட்டால் ஆளை மாற்றிவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். கார் ஓடட்டும் என்று அப்போதும் சொன்னாள். போய்விட்டாள். அன்றைக்கு அப்பா அரைமணிக்கொருதரம் காரை விட்டுவிட்டு வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ரசம் சாதம் கரைத்து ஊட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நீ இங்கே வராதே, போய் காரைச் சரி பண்ணு என்று கத்தினேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போனார். அரைமணி கழித்துத் திரும்பவும் வந்தார்.

காய்ச்சல் விட்ட சனிக்கிழமை எனக்கு அரைநாள் பள்ளிக்கூடம். மைன்ஸைத் திரும்பத் திறக்கப்போகிறார்கள் என்று ஒரு புரளி. அப்போதெல்லாம் மாதத்துக்கு ஒரு புரளி கிளம்பும். அதைப்பற்றிக் கூட்டம் என்று மூன்று பேரும் ராபர்ட்சன்பேட்டைக்குப் போயிருந்தார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. செத்த மைன்ஸுக்குக் கூட்டம் போட நேரமிருக்கிறது, வாசலில் நிற்கும் காரைச் சரிசெய்ய வக்கில்லை. நானே பார்க்கிறேன் என்று கிளம்பினேன்.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முன்பக்கம் இருக்கிற எல்லாவற்றையும் அவர்கள் பார்த்தாயிற்று. பின்பக்கத்தில் ஆரம்பிக்கலாம் என்று காருக்கு அடியில் நுழைந்தேன். சின்ன உடம்பு, ஜாக்கி தேவைப்படவில்லை. டாங்கிலிருந்து வருகிற இரும்புக் குழாயும் முன்னால் போகிற குழாயும் ஒரு துண்டு ரப்பர் பைப்பால் இணைக்கப்பட்டிருந்தன. இரண்டு முனையிலும் கிளிப். அடியில் இருந்த எல்லாத் திருகும் துருவும் சேறுமாக இருந்தது. அந்த ஒரு கிளிப்பின் திருகு மட்டும் பளபளவென்று இருந்தது. பல தடவை கழற்றி மாட்டிய திருகு அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அத்தனை தடவை யார் கழற்றினார்கள், கழற்றிவிட்டு ஏன் திரும்ப மாட்டினார்கள் என்று யோசிக்கிற வயதில்லை.

ஸ்க்ரூடிரைவரால் திருகித் தளர்த்தி ரப்பரை இழுத்தேன். உள்ளே ஒரு கட்டை இருந்தது. விரல் கணு அளவுக்குக் கொய்யாக் கட்டை, அளவெடுத்துச் செதுக்கி வழவழவென்று இருந்தது. பைப்பைக் கழற்றிப் போட்டிருக்கும்போது தூசி போகாமல் இருக்க வாயில் கட்டை அடித்து வைப்பது மைன்ஸில் வழக்கம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பா முதல் நாள் அடைத்துவிட்டு எடுக்க மறந்துபோயிருக்கிறார். அதற்கு ஏழு மாதமாக மூன்று பேர் கார்புரேட்டரை ஊதிக்கொண்டிருக்கிறார்கள்.

கட்டையை எடுத்துவிட்டு ரப்பரை மாட்டி இறுக்கினேன். ஸ்டூல் போட்டு ஏறி, அவர்கள் செய்வதுபோல் பெட்ரோல் பம்பின் கைப்பிடியை ஆட்டினேன். கை ஓய்ந்து விடலாமா என்று நினைக்கும்போது, பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் குமிழி விட்டுக்கொண்டு ஏறியது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு வாழ்க்கையில் அதற்குப் பிறகு சில தடவைதான் வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் ஞாயிறு, அம்மா வீட்டில் இருப்பாள். அவள் கண் முன்னால் நடக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்டு உண்டு. ஆறு மணிக்கு மூவரும் கூடினார்கள். வேலை ஆரம்பிக்குமுன் பெட்ரோல் ஊற்றாமல் ஒருமுறை சாவியைத் திருப்பிப் பார்ப்பது வழக்கம். பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்து மாதிரி அது ஒரு சடங்கு. அப்பா உட்கார்ந்து திருப்பினார். கார் கிளம்பிவிட்டது.

மூவரும் அது நிற்பதற்காகக் காத்திருந்தார்கள். ஒரு நிமிஷம் ஆயிற்று. சித்தப்பா கையில் பெட்ரோல் மூடியோடு நின்றார். இன்னொரு நிமிஷம் ஆயிற்று. என்ஜின் விக்கவில்லை, இருமவில்லை, தையல் மெஷின் மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. லைனில் பெண்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அம்மா துவைத்த கையோடு ஓடிவந்தாள். அவள் காரைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தாள்.

நான் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உள்ளங்கையை நீட்டினேன்.

"அப்பா, இத்த எடுக்க மறந்துட்ட நீ. பைப்புக்குள்ள இருந்திச்சி."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். பெரியப்பா என் கையிலிருந்த கட்டையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பெரியப்பா குரலில் கோபம் இல்லை.

"இன்னா அவசரம் பாப்பா ஒனக்கு?"

அப்பா சாவியைத் திருப்பி அணைத்தார். அவர் என்னை அடித்ததே இல்லை. அன்றைக்கும் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். கட்டையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வேலை முடிந்தது, நீங்கள் போகலாம் என்று மற்ற இருவரிடமும் சொன்னார். டீ குடிக்காமலே அவர்கள் போனார்கள். பெரிய மனுஷர்கள் மூன்று பேரை ஒரு சின்னப் பெண் மட்டம் தட்டிவிட்டாள், அந்த ரோஷம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, நாளையிலிருந்து நீ போகவேண்டாம் இல்லையா என்று கேட்டேன். அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். வா, தலை வாரிவிடுகிறேன் என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் கண் விழித்தபோது அம்மா இல்லை. அப்பா காரை எடுத்துக்கொண்டு ராபர்ட்சன்பேட்டை ஸ்டாண்டுக்குப் போயிருந்தார். மூன்று வாரம் போனார். மைன்ஸ் மூடிய ஊரில் டாக்சி வைத்து யார் எங்கே போவார்கள்? ஒரு பிரசவ கேஸ் கோலாருக்குப் போயிற்று, ஒரு கல்யாண மாப்பிள்ளை பங்காருபேட்டைக்குப் போனான். மற்ற நாளெல்லாம் போட்ட பெட்ரோலுக்கும் வரவில்லை. ஓடாதவரைக்கும் அது எங்களை வாழவைக்கப்போகிற கார். ஓட ஆரம்பித்ததும் அது வெறும் பழைய கார். முல்பாகலிலிருந்து ஒருவர் வந்து அதை விலைக்கு வாங்கி, மாலை போட்டு ஓட்டிக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் அப்பா பெங்களூரில் ஒரு அபார்ட்மென்டுக்கு செக்யூரிட்டி ஆனார். நீல நிறச் சட்டை, தோளில் கயிறு, பிளாஸ்டிக் விசில். பூமிக்கடியில் பம்பு ஓட்டியவர் கார் வரும்போது கேட்டைத் திறந்து சல்யூட் வைத்தார். காலை ரயிலில் இருவரும் போனார்கள். அம்மாவாவது ராத்திரி திரும்பி வருவாள். அப்பாவுக்கு டபுள் டியூட்டி பார்த்தால் இரண்டு நாள் வரமுடியாது. சித்தப்பாவும் வேறெங்கோ வாட்ச்மேன் ஆனார். பெரியப்பாவை வயதானவர் என்று யாரும் எடுக்கவில்லை. அவர் காலையிலேயே குடிக்க ஆரம்பித்தார். நான் கழுத்தில் வீட்டுச் சாவியைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். சடையை நானே பின்னிக்கொண்டேன். அப்பா அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் இருந்தார். என்னிடம் அன்பாகத்தான் இருந்தார். ஆனால் பேச்சு குறைந்துபோயிற்று, எதையும் பிரித்துப் பார்த்துச் சரிசெய்கிற ஆசையே போயிற்று. மிக்சி நின்றால்கூடக் கடைக்குக் கொடு என்பார்.

கட்டை மறந்துபோனதல்ல, வைத்தது என்று எனக்குத் தோன்றியபோது கல்யாணமே ஆகிவிட்டிருந்தது. எத்தனையோ ஆயிரம் அடிக்குக் கீழேயிருந்து தண்ணீரை மேலே கொண்டுவந்த மூன்று பேருக்கு, பத்தடி தூரத்து டாங்கிலிருந்து பெட்ரோல் ஏன் வரவில்லை என்று தெரியாமலா போயிருக்கும்? பெரியப்பாவுக்குத் தெரியும், சித்தப்பாவுக்கும் தெரியும். பார்த்தாயிற்று என்று அப்பா சொன்னதை அவர்கள் மரியாதைக்காக மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்களுக்கும் காலையில் எழுந்து போக ஓர் இடம் வேண்டியிருந்தது. மைன்ஸை மூட சர்க்கார் தேவைப்பட்டது. அந்த இடத்தை மூட நான் ஒருத்தியே போதுமாயிருந்தது.

கதை இவ்வளவுதான் என்று போன வருடம் வரை நினைத்திருந்தேன். அம்மா இப்போது பெங்களூரில் என்னோடு இருக்கிறாள். அப்பாவின் வருஷ நாளன்று படையல் முடிந்து என் மகளுக்கு இந்தக் கதையை வேடிக்கைபோல் சொல்லிக்கொண்டிருந்தேன். பாட்டியிடம்கூடத் தாத்தா சொல்லவில்லை, அவ்வளவு கெட்டிக்காரர் என்றேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்.

"எனக்குத் தெரியும். என் கத்தியிலதான் செதுக்கியிருந்தாரு. சீவல் கெடந்திச்சி, இன்னான்னு கேட்டேன், சொல்லிட்டாரு."

அப்படியானால் கார் ஓடட்டும், கார் ஓடட்டும் என்று அத்தனை தடவை என்னிடம் ஏன் சொன்னாய், காய்ச்சலில் விரலைப் பிரித்துவிட்டுச் சொன்னாயே என்று கேட்டேன். கேட்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வயதில்.

"அது ஓடாதுன்னு தெரிஞ்சிதான் சொன்னேன். ஓடிச்சின்னா அவரும் வெளிய போவணும். ரெண்டு பேர்ல ஒருத்தராவது ஊட்ல உன்கூட இருக்கட்டும்னு நெனச்சேன்."

உரித்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு அவள் எழுந்து போனாள். பதினொரு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டில் ஒருவர் இல்லை என்பதுதான். ஒருவர் இருந்தார் என்பது தெரியவில்லை.